கண்புரையோடு நிற்காத மரபணு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வெப்பம் போன்ற நெருக்கடியில் செல்லின் மற்றப் புரதங்களைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். அவற்றில் ஒன்றான ஆல்பா-பி கிரிஸ்டலினை விழிவில்லையின் காவலன் என்று எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் கட்டுரை கண்ணோடு நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். விட்டுப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விழிவில்லையின் உட்பகுதிச் செல்கள் முதிரும்போது உட்கருவையே இழந்துவிடுகின்றன. அங்கே புதுப் புரதம் உருவாக வழியில்லை. தாய் வயிற்றில் இருந்தபோது உருவான புரதமே எண்பது வயதிலும் ஒளியை உள்ளே விட வேண்டும். அது குலைந்து திரளாமல் பிடித்துவைப்பவை ஆல்பா-பி உள்ளிட்ட ஆல்பா கிரிஸ்டலின்கள். 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதனையில் காட்டினார்.

அதே ஆல்பா-பி, இதயத்திலும் கைகால் தசைகளிலும் டெஸ்மின் என்ற இழைப்புரதத்தைக் காத்துநிற்கிறது. இதற்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1998-இல் பிரான்சில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது, இந்தப் புரதத்தின் 175 அமினோ அமிலங்களில் 120-ஆவது இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் கிளைசின் வந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் தசை நலிவு, இதயத்தசை நோய், கண்புரை மூன்றும் இருந்தன. மாறிய புரதம் வேலையை விட்டதோடு போகவில்லை. டெஸ்மினோடு சேர்ந்து தானும் கட்டிகட்டியாகத் திரண்டது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே நோய்க்குப் போதும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதே மரபணுவில் வேறோர் இடத்தில் ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்ட ஆங்கிலேயக் குடும்பத்திலோ கண்புரை மட்டுமே காணப்பட்டது.

முதுமையில் வரும் சாதாரணப் புரைக்கும் இந்த அரிய மாற்றத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். யாரும் பயப்படத் தேவையில்லை. நான் கவலைப்படுவது இருபது, முப்பது வயதில் இரு கண்ணிலும் புரையோடு வருபவர்களைப் பற்றி. அறுவைக்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்போம். "வீட்டில் யாருக்காவது இளவயதில் நெஞ்சு நோய் உண்டா? படியேற முடியாமல் போனவர்கள் உண்டா?" என்று நான் வேலை பார்த்த இடத்தில் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அது இப்போது மனத்தை உறுத்துகிறது. உண்டு என்று பதில் வந்தால் ஓர் இ.சி.ஜி., ஓர் எக்கோ எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அடுத்த கட்டுரைக்கு இதய மருத்துவர் ஒருவரையும் நரம்பு, தசை நோய் மருத்துவர் ஒருவரையும் சந்தித்து எழுதச் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை யாருக்குத் தேவை, எங்கே செய்கிறார்கள், எவ்வளவு செலவாகும் என்பதையும் அதில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல்