புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

உதகை, குன்னூர்ப் பக்கம் பழைய பங்களாக்கள் கைமாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு மருத்துவக் கருவிப் பெட்டிகளும் வெளியே வருகின்றன. வாங்கியவர் முதல் வேலையாகப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார். வேலைப்பாடு மழுங்குவதோடு, கருவியின் வயதைச் சொல்லும் தடயமும் போய்விடுகிறது.

தந்தம், கருங்காலிப் பிடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள் வெறும் அழகுக்கல்ல. ரத்தம் பட்ட கை வழுக்காமலிருக்கத்தான். 1867-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். 1880-களில் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் வழக்கம் வந்ததும், சூட்டில் விரிசல் விடுகிற, இடுக்கில் அழுக்குத் தங்குகிற இந்தப் பிடிகள் ஒழிந்து, நிக்கல் பூசிய முழு உலோகக் கருவிகள் வந்தன. எனவே செதுக்கிய பிடி பெரும்பாலும் அதற்கு முந்தையது.

கருவி முனைகளின் விலங்கு முகங்களிலும் காரணம் உண்டு. பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுசுருதர் சொல்லும் குறடுகளில் சிங்கமுகம், கொக்குமுகம் எல்லாம் இருக்கின்றன. ஆழமாக நுழைந்து, உடலில் தைத்ததைக் கவ்வி, சிக்காமல் திரும்புவதால் கொக்குமுகமே சிறந்தது என்கிறார்.

பெட்டி மூடியில் பாம்பு இருந்தால் எத்தனை என்று பாருங்கள். ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல், கிரேக்க மருத்துவத் தெய்வம் அஸ்கிளீபியஸுடையது. சிறகும் இரட்டைப் பாம்பும் உள்ளது வணிகர்களின் தெய்வமான ஹெர்மீஸுடையது. அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902-ல் அதைச் சின்னமாக்கிக்கொள்ள, குழப்பம் பரவியது. சில மருந்துக்கடைப் பலகைகளுக்கு அது பொருத்தம்தான்!

நம் மலையில் பெரிய எதிரி ஈரம். பெட்டிக்குள் ஒட்டிய வெல்வெட் மூடுபனியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் படுத்திருக்கும் எஃகு அடிப்பக்கமாகத் துருப்பிடிக்கும். ஜூன் தொடங்குமுன் கருவிகளை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, எஃகில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு தனி டப்பாவில் வையுங்கள். அந்தப் பையிலுள்ள நீல மணிகள் ரோஸ் நிறமானால் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். உப்புத்தாள் கூடவே கூடாது. செய்தவர் முத்திரை அழிந்துவிடும். பித்தளை பாலிஷும் வேண்டாம், செதுக்கல் இடுக்கில் வெள்ளையாகப் படியும். கணப்புக்கு மேலுள்ள மாடத்தில் அழகுக்கு வைத்தால் தந்தம் காய்ந்து பிளக்கும். அந்தக் காலச் சிகிச்சையில் தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் சின்னப் பித்தளைப் பெட்டியின் விசையை விளையாட்டாகத் தட்டாதீர்கள், உள்ளிருந்து பல கத்திகள் பாயும்.

தந்தமா எலும்பா என்பதைப் பிடியின் வெட்டுமுனையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. தந்தம் என்றால் விற்பதும் வாங்குவதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நூறு வருடப் பழசு என்று கடைக்காரர் சொன்னாலும் விலக்கு கிடையாது.

- ஒரு வாசகர், குன்னூர்