ஜி.பி.எஸ். ஜாமர்களை வன்னி வீதிகளில் தடுத்து நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கிளிநொச்சியில் 26 வருடமாகக் காணி அளக்கும் தொழில் செய்கிறேன். சென்ற மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு காணியில் ஜி.பி.எஸ். ஜாமர், அதாவது செய்மதி சிக்னலைக் குழப்பும் ஒரு சின்னக் கருவி, செய்த வேலையைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

காணி ஒரு வயதான அம்மாவுடையது. இரண்டு ஏக்கர். இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். 2010 இல் மீள்குடியேறி வந்தபோது நாலு மூலைக் கல்லில் ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். மற்ற மூன்றும் யுத்தத்தில் மண் அணை போட்டபோது புல்டோசரோடு போய்விட்டன. வன்னியில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. பழைய வரைபடம், கிணறு, ஒரு பாலை மரம், அயலவரின் ஞாபகம் இவற்றை வைத்துத்தான் நாங்கள் எல்லையைத் திரும்பப் பிடிக்கிறோம். அதற்கு இப்போது பெரிய துணை, ஜி.பி.எஸ். போன்ற செய்மதிகளின் சிக்னலைப் பிடிக்கும் அளவைக் கருவி. ஒன்றை முக்காலியில் நிறுத்திவிட்டு மற்றதைக் கோலில் பூட்டி மூலை மூலையாகக் கொண்டுபோவோம். செய்மதிகளைச் சரியாகப் பிடித்துவிட்டால் இரண்டு சென்ரிமீற்றருக்குள் இடத்தைச் சொல்லும்.

அன்று காலை பத்தரை இருக்கும். திரையில் 31 செய்மதிகள். மூன்று மூலை முடிந்தது. வீதியோரம் இருந்த நாலாவது மூலைக்குப் போனதும் 31 என்பது 9 ஆனது. கொஞ்சத்தில் ஒன்றுமே இல்லை. பற்றரியை மாற்றினேன், கருவியை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். "ஐயா, என்ர போனில மெப்பும் அசையாமல் நிக்குது" என்றான் உதவிக்கு வந்த தம்பி. கால் மணித்தியாலம் கழித்து எல்லாம் தானாக வந்துவிட்டது. அடுத்த நாளும் அதே நேரம், அதே கதை. அப்போதுதான் எதிரே தேத்தண்ணிக் கடையடியில் நின்ற டிப்பரைக் கவனித்தேன். முதல் நாளும் அதே டிப்பர்தான் நின்றது.

போய்க் கதைத்தேன். சாரதிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது, மரியாதையான பிள்ளை. சிகரெட் மூட்டும் துளையில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமான் செருகியிருந்தது. சின்ன அன்ரனா, பச்சை நிற லைட். இணையத்தில் எடுப்பித்தாராம். "வண்டி எங்க நிக்குது எண்டு காட்டுற ஜி.பி.எஸ். ட்ராக்கரை முதலாளி பூட்டியிருக்கிறார் ஐயா. தேத்தண்ணி குடிக்க நிண்டாலும் போன் எடுத்து ஏன் நிக்கிறாய் எண்டு கேக்கிறார். இது எங்கட வண்டிக்கு மட்டும்தான் வேலை செய்யும் எண்டுதான் வித்தவன் சொன்னவன்."

அது பொய் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஜி.பி.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நிலத்தைத் தொடும்போது மிக மிக மெலிந்துவிடும். ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் பங்கைவிடவும் குறைவு. அந்தக் கறுப்புச் சாமான்தான் ஜாமர். அது செய்வதெல்லாம் அதே 1575.42 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் இரைச்சலை விடுவதுதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று இரகசியம் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்குமா? அதுபோலத்தான். இரைச்சலுக்கு எந்த வண்டி, எவருடைய கருவி என்று தெரியாது.

என்னைப் பொறுத்தவரை, சிக்னல் முற்றாகப் போவது பெரிய ஆபத்து அல்ல. போனது கண்ணுக்குத் தெரியும், வேலையை நிற்பாட்டலாம். அரைகுறையாகக் கெடும்போதுதான் பயம். முதல் நாள் டிப்பர் கிட்ட வந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்த மூன்றாவது மூலையைக் கிணற்றிலிருந்து நாடா பிடித்துச் சரிபார்த்தேன். 70 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தது. அப்படியே வரைபடம் கீறிக் கொடுத்திருந்தால் அந்த அம்மாவின் வேலி பக்கத்துக் காணிக்குள் போயிருக்கும். இரண்டு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கும். எல்லைச் சண்டையில் கத்தி எடுத்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

இது காணி அளப்பவரின் தலையிடி மட்டும் அல்ல. முகமாலையில் ஏ9 வீதிக்கு அருகே கண்ணிவெடி அகற்றுபவர்கள் எந்த நிலம் துப்புரவானது, எந்த நிலம் இன்னும் தொடப்படாதது என்பதைச் செய்மதி அளவை வைத்தே வரைபடத்தில் பதிகிறார்கள். அங்கே 70 சென்ரிமீற்றர் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும், 2018 இல் வடக்குக்கு வந்த அம்புலன்ஸ், பெயர்ப்பலகை இல்லாத குறுக்கு வீதிக்குள் நோயாளியின் வீட்டைத் தேடுவதும் இதை நம்பித்தான்.

வெளிநாட்டில் இதன் விளைவைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2012 இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒருவர் முதலாளியின் கண்ணிலிருந்து தப்ப, கம்பனி வாகனத்தில் இதே மாதிரி ஒரு ஜாமரைச் செருகிக்கொண்டு திரிந்தார். நியூவார்க் விமான நிலையத்தில் விமானங்களைத் தரையிறக்க உதவும் செய்மதித் தொகுதி குழம்பியது. அடுத்த வருடம் அவருக்கு 31,875 டொலர் தண்டம் விதிக்கப்போவதாக அறிவித்தார்கள். அங்கே ஜாமரை விற்பதும் பாவிப்பதும் குற்றம். அவுஸ்திரேலியாவில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி அலை பரப்பும் கருவியைப் பாவிக்க முடியாது. ஆனால் மாங்குளம் சந்தியில் நிற்கும் சாரதிக்கு இந்தச் சாமானும் அதற்குள் அடங்கும் என்று எப்படித் தெரியும்? ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஜாமர் என்று பெயர் சொல்லியே தமிழில் அறிவித்தல் போட வேண்டும். பத்திரிகையில் ஒரு நாள் போட்டால் போதாது. முறிகண்டியில் கச்சான் கடைகளுக்கு முன்னால் எல்லா வண்டியும் நிற்கும், அங்கே ஒட்டுங்கள். வீதிப் பொலிசாருக்கு இந்தச் சாமான் எப்படி இருக்கும் என்று படத்தோடு காட்டுங்கள். தபாலில் வரும் பொதிகளைச் சுங்கத்தில் மறியுங்கள். விற்கிறவனை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையை மட்டும் பிடித்துக் கொண்டுபோய்த் தண்டம் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டிப்பர் முதலாளிமாருக்கும் ஒன்று. உங்கள் வண்டி எங்கே என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் எவ்வளவு நேரம் என்று சாரதியோடு வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். அரை மணித்தியாலம் நிம்மதியாக இருக்க விடாததால்தானே அவன் இதை வாங்கினான்.

அந்தச் சாரதி என் முன்னாலேயே ஜாமரைக் கழற்றிப் பையில் போட்டார். நான் அந்த மூலையைத் திரும்ப அளந்து கல் நட்டுவிட்டேன். இரண்டு நாளும் கருவியில் பதிந்த கோப்புகள் நேரத்தோடு என்னிடம் இருக்கின்றன. ஆணைக்குழுவிலிருந்து எவர் கேட்டாலும் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
நில அளவையாளர் ஒருவர்,
கிளிநொச்சி.