அது குகை இல்லை, மழை நாளும் வீண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அயர்லாந்து பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் மேற்குக் கரையிலுள்ள டிங்கிள் என்ற ஊரில் ஒரு நாள் முழுக்க மழை பெய்ததால் விடுதி அறையிலேயே முடங்கிக் கிடந்து, 'பணமும் போச்சு, நாளும் போச்சு' என்று அலுத்துக்கொண்டிருந்தார். போகட்டும். ஆனால் அந்தப் பக்கத்துக் கல்லரஸ் என்ற பழைய கல் கட்டடத்தின் படத்துக்குக் கீழே 'பழங்காலக் குகைக் கோயில்' என்று போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் நானும் அதே டிங்கிளில் அப்படி ஒரு மழையில் மாட்டிக்கொண்டேன். மகள் அங்கே டிரலீ என்ற ஊரில் நர்ஸ். அவளுக்கு அன்று டூட்டி. 'தனியாகவா? இந்த மழையிலா?' என்று கேட்டாள். தென்காசிக்காரியிடம் சாரலைப் பற்றிக் கேட்கலாமா? பஸ் ஏறிவிட்டேன்.

வீராப்பெல்லாம் டிங்கிள் கடற்கரைத் தெரு வரைதான். அட்லாண்டிக் காற்று என் குடையை ஒரே வீச்சில் மல்லாக்கப் புரட்டி, இரண்டு கம்பியை ஒடித்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் கையிலும் குடை கிடையாது. எல்லாரும் தொப்பி வைத்த மழைக்கோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்ஸி ஓட்டிய பெரியவர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த மாதிரி நாளை ஐரிஷில் 'லா போக்' என்போம் என்றார். மெத்தென்ற நாளாம்! கண்ணாடியில் வைப்பர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் ஐரிஷ் பேசும் பகுதி. சாலையில் வெள்ளைப் பெயின்டில் 'கோ மால்' என்று பெரிதாக எழுதியிருந்ததை ஏதோ கடைவளாகத்துக்கு வழி என்று எண்ணிக்கொண்டேன். 'மெதுவாக' என்று அர்த்தமாம்.

டிங்கிளிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் கல்லரஸ். கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி ஒரு சின்னஞ்சிறு கல் கட்டடம், கிறிஸ்தவர்களின் ஜெபக்கூடம். மலையைக் குடைந்தது இல்லை ஐயா, ஒவ்வொரு கல்லாக அடுக்கியது. ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசையைக் கொஞ்சம் உள்பக்கம் நகர்த்தி வைத்து, இரண்டு பக்கச் சுவரும் உச்சியில் கூடும்படி கட்டியிருக்கிறார்கள். சுவர் எது, கூரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைத் தாங்கி நிற்பது சாந்து அல்ல, கல்லின் எடையும் அடுக்கிய விதமும்தான். வயதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் எண்ணூறு ஆண்டுக்குக் குறையாது.

வெயிலில் போயிருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். மழை பெய்ததால்தான் சூட்சுமம் புரிந்தது. கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்திருக்கிறார்கள். மேல் கல்லில் விழுந்த தண்ணீர் விளிம்புக்கு வந்து, கீழ்க் கல்லில் சொட்டி, அங்கிருந்து அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் புல்லில் போய்ச் சேருகிறது. நம் ஊர் ஓட்டுக்கூரை செய்கிற அதே வேலை. தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, உட்சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஈரமே இல்லை. கிழக்குச் சுவரில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஜன்னல், வெளிச்சம் அது வழியாகவும் வாசல் வழியாகவும் வந்தால்தான் உண்டு. வாசலுக்கு மேலே உட்புறம் துளையிட்ட இரண்டு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கதவு மாட்டுவதற்காக. அரைமணி நேரம் நான் ஒருத்திதான். கூட்டத்தையும் மழை விரட்டியிருந்தது.

அங்கிருந்து கில்மல்கேடர் என்ற பழைய தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், வளைவும் சிற்பமுமாக ரொம்ப அழகு, ஆனால் தலைக்கு மேலே வானம்தான். கூரை போய் எத்தனையோ காலமாகிறது. அங்கே லத்தீன் எழுத்துகளை வரிசையாகச் செதுக்கிய கல் ஒன்று நிற்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள் நான். நனைந்துகொண்டே கால் மணி நேரம் அதன் முன்னால் நின்றுவிட்டேன்.

பிறகு போன ஸ்லே ஹெட் என்ற கடல் முனையில் பனிமூட்டம். எதிரே கடலில் இருக்கிற பிளாஸ்கெட் தீவுகள் கண்ணுக்கே படவில்லை. அதில் வருத்தம்தான், மறைப்பானேன்.

பயணப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அயர்லாந்தின் மேற்குப் பகுதிகளில் வருடத்துக்குச் சுமார் 225 நாள் மழை உண்டு. மழை நிற்கட்டும் என்று அறையில் காத்திருந்தால் விடுமுறை தீர்ந்துவிடும். கட்டுரையின் ஓரத்தில் இதையும், குடைக்குப் பதில் நல்ல மழைக்கோட்டும் தண்ணீர் புகாத ஷூவும் எடுத்துப் போகச் சொல்லியும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அடுத்த இதழில் அந்தக் 'குகை'யையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தென்காசி