வேலியோரத்து லைலாக்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்கு நீ ஒரு வார்த்தைகூடக் கோபிக்கவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். ஜூன் வந்தும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. சனிக்கிழமை வேலை இப்போது கிடையாது என்பதால் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். உடம்புக்கும் நல்லதுதானே.

வேலியோரம் ஒரு லைலாக் புதர். குளிர் ஊர்களில் வளரும் வாசனைப் பூச்செடி அது. பல வருஷமாக யாரும் கத்தி வைக்காததால் என்னைவிட இரண்டு மடங்கு உயரம். பூவெல்லாம் உச்சியில், கீழே வெறும் கட்டை. நான் ஏணியோடு நின்றதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்துவிட்டார். குளிர்காலம் முழுக்க ஜன்னல் திரையைக்கூட விலக்காதவர் அவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, எதை அறுக்க வேண்டும் என்று கைத்தடியை நீட்டி நீட்டிக் காட்டினார்.

மேலாகச் சீவினால் உச்சி கூரை மாதிரி அடர்ந்து, உள்ளே வெயில் இறங்காதாம். கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு அறுக்க வேண்டும். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருஷம் மீதி. இடையில் அடியிலிருந்து வரும் துளிர்களில் நல்லதாகச் சிலதை விட்டு வளர்த்தால் புதரே புதுசாகிவிடும். காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டுகிறார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இதற்குப் பூ முடிந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். அடுத்த வருஷத்து மொட்டு இந்தக் கோடையிலேயே கிளையில் கட்டிவிடும். பனிக்காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டின மாதிரி. நம் மல்லிகை அப்படியில்லை. நீ மார்கழியில் ஒட்ட வெட்டிவிடுவாய், புதுத்தளிரில் பூத்துக் கொட்டும்.

அதை நினைத்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன் அம்மா. புதர் முழுசும் சீராவதற்கு மூன்று வருஷம் ஆகும் என்று பாட்டி சந்தோஷமாகச் சொல்கிறார். அத்தனை நாளும் நான் இங்கேதானா என்று நெஞ்சு அடைத்துவிட்டது. உன் பக்கத்தில் ஒரு மத்தியானம் படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

சரி, அதை விடு. அப்பாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம். கொல்லைச் சுவர் விஷயமாகச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால், தம்பி அந்தப் பேப்பரை முழுக்கப் படித்துச் சொன்ன பிறகுதான் அப்பா போட வேண்டும். உறவு கெடாமல் பார்த்துப் பேசு. இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வந்ததும் முதலில் தம்பியின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிடு. அப்புறம், அக்கா பிரசவத்துக்கு எந்த மாதம் வருகிறாள் என்று உடனே எழுது. லீவு இப்போதே கேட்டு வைத்தால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் மகள்