என் மகளின் வலியை நம்பியவர்களுக்கு

பினாங்கு உறவுகளுக்கு வணக்கம்.

"வில்லா வளையிறாளே!" என்று என் மகளைப் பார்த்து வியக்காதவர்கள் இல்லை. 7 வயதில் பரதத்தில் சேர்த்தபோது எனக்கும் அதில் பெருமைதான். 13 வயதில், முட்டி வலிக்கிறது என்று இரவெல்லாம் அழுதாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. 'பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள்' என்றுகூடக் காதில் விழுந்தது.

முதல் நன்றி பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு. "எங்கம்மா வலிக்குது, காட்டு" என்றுதான் அவர் ஆரம்பித்தார். சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார். கட்டைவிரல், முழங்கை, முழங்கால் எல்லாம் பார்த்தார். கடைசியில் முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று அளக்கும் பெய்ட்டன் கணக்கில் 9க்கு 8. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் கட்டைவிரலை மடக்குங்கக்கா" என்றார். அது நேராகப் போய் என் முன்கையில் ஒட்டியது. அடிக்கடி கணுக்கால் பிசகி, 'பார்த்து நடக்கத் தெரியாதா' என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஹைப்பர்மொபிலிட்டி, அதாவது மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது என்று மருத்துவரும் உறுதிசெய்தார். மூட்டைப் பிடித்திருக்கும் ஜவ்வு இவளுக்குப் பிறவியிலேயே தளர்வு. அதன் வேலையையும் தசையே இழுத்துப்போட்டுச் செய்வதால்தான் இத்தனை வலி, களைப்பு. இன்னும் வளைக்கக் கூடாது, சுற்றியுள்ள தசையை மெல்ல மெல்ல வலுவாக்க வேண்டும். (உடல் வளைகிற எல்லாப் பிள்ளைக்கும் வலி வராது, பெற்றோர்கள் பயப்படாதீர்கள்.)

நடன ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வேன்! நிற்கும்போது முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்வது இவள் பழக்கம். இப்போது அடவுக்கு நடுவே தட்டுக்கழியை நிறுத்தி, "முட்டி" என்று மட்டும் சொல்வார். இவளும் இலேசாகத் தளர்த்திக்கொள்வாள். அரைமண்டியில் எவ்வளவு தாழலாம் என்பதை இவளிடமே விட்டுவிட்டார். அரங்கேற்றத்துக்கு அவசரமில்லை என்று அவரே சொன்ன அன்று இவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பேனாவில் தடிமனாக ரப்பர் சுற்றிக் கொடுத்த தமிழாசிரியருக்கும், வாரந்தோறும் நீச்சல் குளத்துக்குக் காரில் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக, இவளுடைய தோழிகளே! இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது, இவள் உட்கார்ந்த படியில் எல்லாம் நீங்களும் உட்கார்ந்தீர்கள். யாரும் "சீக்கிரம் வா" என்று சொல்லவில்லை. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், பார்த்தேன். நீங்கள் நல்லா இருக்கணும் பிள்ளைகளா.

அன்புடன்,
ஓர் அம்மா, ஜார்ஜ்டவுன்