தவறான அளவில் பொருத்தப்பட்ட அலாய் வீல்கள், டயர்கள் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
அலாய் வீல், டயர் விற்பனை நிலையம்,
கோயம்புத்தூர்.

நாள்: 12.11.2025

பொருள்: நான் கேட்ட அளவுக்கு மாறான சக்கரங்களையும் டயர்களையும் பொருத்தியது – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த அக்டோபர் 25-ஆம் நாள் தங்கள் நிலையத்தில் எனது ஆடி டிடி குவாட்ரோ காருக்கு நான்கு 19 அங்குல அலாய் வீல்களும் நான்கு டயர்களும் வாங்கி, அங்கேயே பொருத்திக்கொண்டு, ரூ.2,14,000 செலுத்தினேன். அன்று மாலை கோவையிலிருந்து குன்னூர் திரும்புவதற்குள் அந்தச் சக்கரங்கள் என் காரையும், அதில் என்னுடன் வந்த என் தந்தையையும் எத்தகைய ஆபத்துக்கு உள்ளாக்கின என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

நான் அளவு தெரியாமல் வந்தவன் அல்லன். கட்டபெட்டு அருகே ஒரு பள்ளத்தில் இறங்கி அசல் சக்கரங்களுள் ஒன்று வளைந்துவிட்டதால் புதிய செட் தேவைப்பட்டது. அதற்காக ஒரு மாதம் செலவிட்டு அளவுகளைச் சரிபார்த்த பிறகே தங்களிடம் வந்தேன். என் காரின் அசல் சக்கரம் 9 ஜே (அதாவது 9 அங்குல) அகலமும் 18 அங்குல விட்டமும் கொண்டது. சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் ஆஃப்செட் (சுருக்கமாக இ.டி.) 52 மி.மீ.; டயர் 245/40 ஆர் 18, அதாவது 245 மி.மீ. அகலம், அதில் நூற்றுக்கு 40 பங்கு பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம். இதே மாடலுக்கு 19 அங்குலத்தில் தயாரிப்பாளரே வழங்கிய அளவு 255/35 ஆர் 19, அதே 9 ஜே அகலம், அதே இ.டி. 52. கணக்கிட்டுப் பார்த்தால் பழைய டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 653 மி.மீ., புதியது 661 மி.மீ.; வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. மலைச்சாலைக்கு 18 அங்குலமே போதும், டயரின் பக்கச்சுவர் 98 மி.மீ.-இலிருந்து 89 மி.மீ. ஆகக் குறைந்தால் பள்ளங்களில் ரிம் அடிவாங்கும் என்று நண்பர்கள் சொன்னதையும் மீறி 19 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது என் முடிவு. அதற்குத் தங்களைப் பொறுப்பாக்கவில்லை. ஆனால் நான் கேட்டது நான்கிலும் ஒரே அளவு, இ.டி. 52. அதைத் தாளில் எழுதிக் கொடுத்ததோடு, அசல் சக்கரத்தின் உட்புறத்தில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்களையும் தங்கள் ஊழியரிடம் தொட்டுக் காட்டினேன். தங்கள் ரசீதிலும் "255/35 ஆர் 19 – 4" என்றே இருக்கிறது.

என்னை வாடிக்கையாளர் அறையில் உட்காரவைத்துவிட்டுப் பொருத்தியது என்னவென்றால், நான்கும் இ.டி. 35 சக்கரங்கள், பின்பக்கம் இரண்டில் 275/35 ஆர் 19 டயர்கள். புறப்படும்போது சக்கரங்கள் வெளியே தள்ளி நிற்பதுபோல் இருக்கிறதே என்று கேட்டேன். "எல்லா ஜெர்மன் வண்டிக்கும் இந்த செட்டைத்தானுங்க சார் போடறோம், ஒண்ணும் ஆகாதுங்க" என்று தங்கள் விற்பனையாளர் பதில் சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மலையேற வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. அந்த வார்த்தையை நம்பினேன்.

சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் அச்சுமுனையில்) அது பதியும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமே ஆஃப்செட் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த எண் 52-இலிருந்து 35 ஆனால் சக்கரம் 17 மி.மீ. வெளியே வரும். அதன்மேல் 255-க்குப் பதிலாக 275 டயர் ஏற்றினால் வெளிப்பக்கம் இன்னும் 10 மி.மீ. கூடும். ஆக, நான் கேட்ட அளவைவிடப் பின்டயர் 27 மி.மீ. வெளியே நின்றது, டயரின் ஆரமும் 7 மி.மீ. கூடியது. சமதளத்தில் நிற்கும்போது இது கண்ணுக்குக் கம்பீரமாகத் தெரியலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் காரின் எடை பின்னோக்கிச் சாய்கிறது, இடப்பக்க வளைவில் வலப்பக்கம் அழுந்துகிறது, இரண்டும் சேர்ந்து வலப்பக்கப் பின்சக்கரம் முழுமையாக மேலேறி மட்கார்டைத் தொடும் இடம் அதுவே. கல்லாறைக் கடந்து மூன்றாவது வளைவுக்குள் தகரத்தை இழுத்துக் கிழிப்பதுபோல் ஓர் ஒலி கேட்டது. அடுத்த இடப்பக்க வளைவிலும் அதே ஒலி வந்தது, கூடவே ரப்பர் கருகும் நாற்றமும் வந்தது.

பர்லியாறில் ஓரமாக நிறுத்தி, தூறலில் கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வலப்பக்கப் பின்டயரின் தோளில் சுற்றிலும் ஒரு கோடு, நகம் உள்ளே இறங்கும் ஆழத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. அதில் விரல் வைக்க முடியாத சூடு. மட்கார்டின் உள்விளிம்பில் பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து, அடியிலிருந்த வெறும் தகடு பளபளத்தது. அங்கிருந்து குன்னூர் வரை மிக மெதுவாக, வளைவுக்கு வளைவு சாலையின் வெளிப்புறத்தையே பிடித்து, பின்னால் வந்த பேருந்துகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்து வந்தேன்.

மறுநாள் காலை தெரியவந்தது இதைவிடப் பெரிய குற்றம். மேட்டுப்பாளையம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியதைப் பேலன்சிங் குறை என்று எண்ணியிருந்தேன். குன்னூரில் நாற்பது ஆண்டுகளாக டயர் கழற்றிப் பூட்டும் ஒரு பெரியவர் முன்சக்கரத்தைக் கழற்றி, நடுத்துளையை அளந்து காட்டினார்: 66.6 மி.மீ. என் காரின் ஹப் 57.1 மி.மீ. துளை வட்டம் இரண்டிலும் ஐந்துக்கு 112 (112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்) என்பதால் போல்ட்கள் ஏறிவிடும். ஆனால் நடுவில் சுற்றிலும் ஏறத்தாழ ஐந்து மி.மீ. வெற்றிடம். அதை நிரப்ப வேண்டிய ஹப் ரிங்கைத் தாங்கள் போடவே இல்லை. பழைய அசல் போல்ட்களையே மறுபடியும் மாட்டியிருக்கிறீர்கள். அவற்றின் தலையடி உருண்டை வடிவம், புதிய சக்கரத்தின் துளையோ கூம்பு வடிவம். அதனால் ஒவ்வொரு போல்ட்டும் முழுமையாகப் பதியாமல் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வளையம் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியதைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். 120 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுகியிருக்க வேண்டிய போல்ட்களுள் இரண்டு, பெரியவர் ஒரு கையால் ஸ்பானரை அசைத்ததுமே சுழன்றன. "மலையேறுற வண்டிக்கு இப்படிப் பூட்டி அனுப்பலாமா சார்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இது முன்னமே தெரிந்திருந்தால் எழுபத்தெட்டு வயதான என் தந்தையை அருகில் வைத்துக்கொண்டு பர்லியாறிலிருந்து ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டேன்.

டயர் அளவு முன்னும் பின்னும் மாறியதையும் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள். இது நான்கு சக்கரங்களுக்கும் விசை பகிரும் கார். பின் அச்சுக்கு விசை அனுப்பும் கிளட்ச் தட்டுகள் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும் என்ற கணக்கில் அமைந்தவை. 255/35 டயரும் 275/35 டயரும் ஒரே சாலையில் ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சுற்று வித்தியாசம் வரும். கோவையிலிருந்து குன்னூர் வருவதற்குள் அது எத்தனை நூறு சுற்று என்று தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்சக்கரத்தில் விசையே இல்லாத முன்சக்கர இயக்கக் காராக இருந்தால் இந்தத் தேய்மானம் இராது. என் கார் குவாட்ரோ என்பது அதன் பின்புறத்திலேயே எழுதியிருக்கிறது.

மேலும், முன்டயர்களில் தயாரிப்பு வாரம், ஆண்டு காட்டும் எண் 3124, பின்டயர்களில் 1820. அதாவது பின்னவை 2020-ஆம் ஆண்டின் 18-ஆம் வாரத்தில் உருவானவை. ஐந்தரை ஆண்டு இருந்த சரக்கைப் புதியது என்று விற்றிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்த இந்த மாதங்களில் முன்பிடி நன்றாகவும் பின்பிடி குறைவாகவும் இருக்கும் காரை ஈரமான வளைவில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதை இம்மலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அக்டோபர் 27-ஆம் நாள் தொலைபேசியில் தெரிவித்தபோது, மட்கார்டு விளிம்பை உருட்டி மடித்துவிட்டால் உரசாது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சக்கரத்தின் தவறுக்காகக் காரின் உடலை வெட்டி வளைக்க எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே, செலுத்திய ரூ.2,14,000-ஐ முழுமையாகத் திருப்பித் தருமாறும், வலப்பக்கப் பின் மட்கார்டைச் சீரமைக்கும் செலவையும், ஹப், சக்கரத் தாங்கி, பின் கிளட்ச் ஆகியவற்றை ஆடி பணிமனையில் பரிசோதிக்கும் செலவையும் ஏற்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடம் தருகிறது. நான்கு சக்கரங்களும் போல்ட்களும் கழற்றிய நிலையிலேயே என் வீட்டில் இருக்கின்றன. வளைந்த அசல் சக்கரத்தை நிமிர்த்திப் பழைய 18 அங்குல டயர்களிலேயே இப்போது காரை ஓட்டுகிறேன்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அன்று என் காருக்குப் பக்கத்து லிஃப்டில் நீலகிரிப் பதிவான டி.என். 43 எண் கொண்ட வேறொரு கார் நின்றது. அதற்கும் அதே வகை அட்டைப்பெட்டிகளிலிருந்து சக்கரங்களை எடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் உரிமையாளரும் இம்மலைக்காரர்தான். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே, இன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து, போல்ட்களையும் நடுத்துளையையும் சரிபார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது நகல், நான் எழுதிக் கொடுத்த அளவுத்தாளின் நகல், ஒளிப்படங்கள் 11.