சுவாதீன அறிவிப்பைத் தேடி வரும் தரகர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் போனவர்களின் பெயர், முகவரி, பாக்கித் தொகை, மனையின் நான்கு எல்லை ஆகியவற்றுடன் அடமான வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாக வங்கிகள் தரும் சுவாதீன அறிவிப்புகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்ட விதிகளின்படி, சுவாதீனம் எடுத்த 7 நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், வங்கி அதை விளம்பரம் செய்தாக வேண்டும். அந்த அறிவிப்பைக் கடன்தாரரைவிடக் கூர்ந்து படிப்பவர்கள் தரகர்களே என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் பாத்திரக்கடை நடத்தி நொடித்துப்போன ஒருவரின் வீட்டுக்கு, அறிவிப்பு வெளியான மூன்றாம் நாளே இரண்டு பேர் வந்தார்கள். வங்கியில் தங்களுக்கு ஆள் இருப்பதாகவும், ஏலத்தை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லி, முதலில் செலவுக்கென்று 40,000 ரூபாய் வாங்கினார்கள். பிறகு, பாக்கியைத் தாங்களே அடைத்துவிடுவதாகவும், பேருக்கு ஒரு கிரயம் எழுதிக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளில் திருப்பி எழுதித் தருவதாகவும் கூறிக் கையெழுத்து வாங்கினார்கள். வங்கிக்குப் போகவே கூடாது, போனால் காரியம் கெட்டுவிடும் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதை அந்த வீட்டு அம்மா இன்றும் சொல்லி அழுகிறார். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது, வீடு மூன்றாவது ஒருவருக்கு விற்கப்பட்டிருந்தது.

இந்த ஏமாற்றின் உயிர்நாடி அந்த வாய்வாக்குதான். திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இடம்பெற்றிருந்தால் ஒழிய, அந்தப் பரிமாற்றத்தை அடமானமாகக் கருத முடியாது என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு சொல்கிறது. 'நம்பிக்கைக்கு' என்று தனியாக எழுதித் தரும் வெள்ளைத்தாளை நம்பி வீட்டைக் கிரயம் செய்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உண்மையில் தரகர் செய்வதாகச் சொல்லும் எதையும் கடன்தாரரே நேரடியாகச் செய்யலாம். பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பும் முதல் அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாட்களுக்குள் வங்கி காரணத்துடன் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்த பின்னும் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் பாக்கியைச் செலவுத்தொகையுடன் முழுமையாகச் செலுத்தினால் விற்பனை நடக்காது. ஒரே தவணையில் கடனைத் தீர்க்கும் சலுகையைக் கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்து நேரடியாகவே கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கிறது. 15100 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். எங்கள் தெருக் குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. வங்கி அனுப்பிய முதல் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், அது பிரித்தபடியே அலமாரியில் கிடந்தது.

ஆகவே, இத்தகைய அறிவிப்புகள் அச்சாகும் பக்கத்திலேயே மேற்கண்ட உரிமைகளையும், கிரயமோ பவரோ எழுதிக் கொடுக்கும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுமாறு ஓர் எச்சரிக்கையையும் எளிய தமிழில் கட்டமிட்டு வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். 60 நாள் அறிவிப்பைத் தமிழிலும் சேர்த்து அனுப்புமாறு வங்கிகளைத் தங்கள் தலையங்கம் வலியுறுத்தினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.